காற்று முடியும் இடம்

சிப்பித்துறையில் ராக்கெட்டைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அது செங்குத்தாக மேலே போகும். வானத்தில் பாலாடை மாதிரி ஓர் ஏடு படிந்திருக்கிறது, அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். அந்த ஏடு சரியாக நூறாவது கிலோமீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டிய நொடியில் காற்றும் தீர்ந்தது, உடம்பின் கனமும் தீர்ந்தது. பள்ளிக்கூட வாத்தியார் முதல் ஐஸ் ஏற்றும் லாரிக்காரர் வரை இதில் கருத்து வேறுபாடே கிடையாது. இத்தனையும் தப்பு என்பது மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

வேண்டியிருந்தது நப்பின்னைக்குத்தான். அவள் சிப்பித்துறை ஏவுதளத்தின் ரேடார் கூடத்தில் பொறியாளர். எந்தக் கலம் எந்த நொடியில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. வானத்தைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, ராக்கெட் சாய்ந்துதான் போகும், நேராகப் போனால் நேராகவே திரும்பி விழும் என்று பாயசம் ஆறிப்போகும்வரை விளக்குவாள். பக்கத்து இலைக்காரர் தலையாட்டிக்கொண்டே எழுந்து கை கழுவப் போய்விடுவார். சரியானதைச் சொன்னால் யாருக்கும் கெடுதல் வராது என்று நாற்பது வயதுவரை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நல்ல நம்பிக்கைதான்.

ஊருக்கு அந்த ஏட்டின்மேல் அவ்வளவு பிடிப்பு வரக் காரணம் சட்டம். நிலவிலும் செவ்வாயிலும் சுரங்கம் தோண்ட ஆள் வேண்டியிருந்தது. போனவர் திரும்ப முடியாது. அங்கே சில வருடம் கிடந்த எலும்பு இங்கே வந்தால் நிற்காது. திரும்பி வராத ஆளுக்கு ஓட்டு எதற்கு, குடியுரிமை எதற்கு, அவரைப் பற்றிக் கேள்வி கேட்க உறவு எதற்கு என்று அரசாங்கங்கள் கூடி யோசித்து, நீங்கினோர் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தன. வளிமண்டலத்தை விட்டு நீங்கியவர் இறந்தவராகக் கருதப்படுவார். அந்த நொடியோடு அவருடைய திருமணம் முடிந்தது, பெயர் முடிந்தது. ஆள் மட்டும் அழைத்துப்போன நிறுவனத்துக்குச் சொந்தம். பதிலுக்கு அவர் குடும்பத்தின் ஒரு படகுக்குக் கடலில் இறங்க அனுமதி கிடைக்கும். ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் விழும் இடம் என்று சொல்லிக் கடலையே மூடிவைத்திருந்ததால், அந்த அனுமதிக்காகவே ஆட்கள் ஏறினார்கள். கடலை மூடியவர்களே கடலைக் கூலியாகக் கொடுத்தார்கள். இதில் தப்பு என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் வயிறு எரியும்.

சாவுக்கு ஒரு முறை வேண்டாமா? ஊர் தானாகவே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. கலம் கிளம்பும்போது குடும்பம் ஒரு வெற்றுச் சவப்பெட்டியோடு கடற்கரையில் நிற்கும். பெட்டிக்குள் போகிறவருடைய சட்டை ஒன்று. ஏவுதளத்துச் சங்கு ஊதும். நூறு தாண்டியாயிற்று என்று அர்த்தம். மனைவி தாலியைக் கழற்றி அந்தச் சட்டையின்மேல் வைப்பாள், பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். மேலே போகிறவரும், உடம்பு மிதக்கத் தொடங்கியதும், மரண செபத்தைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். பக்கத்தில் இருந்து சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தச் சங்கு உயரத்தைப் பார்த்து ஊதுவதில்லை. புறப்பட்டு மூன்று நிமிடம் ஆனால் ஊதும்படி கடிகாரத்தோடு கட்டிவைத்திருந்தார்கள். கலம் எங்கே இருந்தாலும் ஊதும். நப்பின்னை இதையும் பலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

கயித்தான் என்ற மீனவன் ஏறிய கலத்தில் ஆறு பேர். அறுபது கிலோமீட்டர் போனதும் இஞ்சின் நின்றுவிட்டது. எறிந்த கல்லைப் போல இன்னும் கொஞ்சம் மேலே போய், கலம் திரும்பி விழுந்தது. பாராசூட் விரிந்து கடலில் இறங்கிய அவர்களை மறுநாள் ஒரு மீன்பிடிப் படகு கரைசேர்த்தது. ஆறு பேருக்கும் ஒரு காயம் இல்லை.

ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடக்கம் முடிந்த ஆட்கள் தெருவில் நடந்து வந்தால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஏட்டைத் தாண்டிப் போய்த் திரும்பியவன் காலடியில் கடல் வற்றும் என்று யாரோ சொல்ல, அது பொழுது சாய்வதற்குள் வேதவாக்கு ஆகிவிட்டது. டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். ஐந்து பேர் வெறுத்துப்போய், அடுத்த கலத்தில் ஏறிக்கொள்கிறோம் என்று நிறுவனத்துக்குத் தாங்களாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கயித்தான் மட்டும் போகமாட்டேன் என்றான். அவனைவிட உறுதியாகச் சொன்னவள் அவன் மனைவி பிரகாசி. அவன் வந்த அன்றே மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், பெட்டியைத் தோண்டித் தன் தாலியை எடுத்துக்கொண்டாள். திரும்பக் கட்டிவைக்கும்படி பங்குச் சாமியாரைக் கேட்டபோது, சட்டப்படி அவன் செத்தவனா இல்லையா என்று தெரிந்தால்தான் கட்டிவைக்க முடியும் என்று அவர் கையை விரித்தார். தாலியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் தீர்ப்பாயத்துக்குப் போனாள். படகு அனுமதி ரத்தாகிவிடுமே என்று அங்கிருந்த எழுத்தர் எச்சரித்தாராம். படகு வேண்டாம், ஆள் போதும் என்றாளாம்.

வழக்கு ஒரே கேள்வியில் வந்து நின்றது. கயித்தான் தாண்டினானா, இல்லையா? தாண்டியிருந்தால் நிறுவனம் அவனைப் பிடித்து மறுபடி ஏற்றலாம். தாண்டவில்லையென்றால் அவன் பிரகாசியின் புருஷன். கலத்துக்குள் இருந்த கருவிகள் இஞ்சினோடு சேர்ந்து செத்துவிட்டன. மிச்சம் இருந்தது நப்பின்னையின் ரேடார். யாரும் கூப்பிடாமலே, நான் சாட்சி சொல்கிறேன் என்று அவள் இலவச சட்ட உதவி வக்கீலிடம் போய் நின்றாள். மேலதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

விசாரணைக்கு முன்னால் கயித்தானின் வீட்டுக்குப் போய் அவனிடம் பேசினாள். அவனுக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. உடம்பு மிதந்ததே, அப்படியானால் தாண்டிவிட்டோம் என்றுதானே பொருள் என்று கேட்டான். நிறுவனம் காட்டிய பயிற்சிப் படத்திலும் அப்படித்தான் இருந்தது. கோடு வரும், ஆட்கள் சிரித்துக்கொண்டே மிதப்பார்கள்.

"பெரிய அலைமேல ஏறிப் படகு சடார்னு இறங்கும்போது வயிறு மேல வருமில்ல? அப்ப நீங்க வானத்தையா தாண்டிட்டீங்க?" என்று கேட்டாள் நப்பின்னை.

"இல்ல மேடம். கீழ விழுதோம், அம்புட்டுதான்."

"அன்னைக்கும் அதேதான். இஞ்சின் நின்னதும் விழ ஆரம்பிச்சுட்டீங்க. மேல போய்க்கிட்டே விழுந்தீங்க. அதான் மிதந்தீங்க. கோட்டுக்கும் மிதக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை."

கடல்காரனுக்கு அது புரியாமல் இல்லை. "அப்ப நான் செபம் சொன்னது வீணா?" என்று மட்டும் கேட்டான்.

தீர்ப்பாயத் தலைவர் வேதாசலம் நல்ல மனிதர். பிரகாசி நிற்பதைப் பார்த்துவிட்டு நாற்காலி போடச் சொன்னார். நிறுவனத்தின் வழக்கறிஞர் சேஷகோபனும் குரலை உயர்த்தாதவர். பிரகாசியிடம் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். சங்கு ஊதியது கேட்டதா? கேட்டது. தாலியைக் கழற்றினீர்களா? கழற்றினேன். அவ்வளவுதான், உட்காருங்கள் அம்மா என்றார்.

அடுத்து கயித்தான் கூண்டில் ஏறி பைபிள்மேல் கைவைத்தான்.

"உடம்பு லேசானதும் என்ன நினைச்சீங்க?"

"தாண்டியாச்சுன்னு நெனைச்சேன்யா."

"அப்புறம்?"

"செபம் சொன்னேன்."

"யாருக்காக?"

"எனக்காவத்தான்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கயித்தானை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கைக்குக் கீழே பைபிள் இருந்தது, அவன் நடந்ததைச் சொன்னான். சங்கும் செபமும் தாலியுமாக, தாங்கள் நம்பியதையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் அவரவர் வாயாலேயே சேஷகோபனிடம் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஆனால் நப்பின்னை ஏறியதும் காற்று திசைமாறியது. கலம் எட்டிய உச்ச உயரம் தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர் என்றாள். ரேடார் பதிவைக் காட்டினாள். சங்கு கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது, மிதந்தது இஞ்சின் நின்றதால் என்று விளக்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் அவள் சொல்வதை வாய்பிளந்து கேட்டது. வேதாசலம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிரகாசியின் கை இடுப்பிலிருந்த முடிச்சைத் தொட்டது. நப்பின்னை அதைப் பார்த்தாள். ஆறு கிலோமீட்டர் கீழேயே நின்றுவிட்ட மனிதனை யாரால் செத்தவன் என்று சொல்ல முடியும்?

சேஷகோபன் எழுந்தார். ஒரு சிறு சந்தேகம் என்றார். சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தார். 'வளிமண்டலத்தை விட்டு நீங்கியவர்' என்றுதான் இருந்தது. நூறு என்ற எண் அதில் எங்குமே இல்லை.

"வளிமண்டலம் நூறு கிலோமீட்டர்ல முடியுதா மேடம்? ஆமாவா, இல்லையா?"

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் 'ஆமாம்' என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்கமாட்டார்கள். பள்ளிப் பாடத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வழக்கு அங்கேயே முடிந்து, கயித்தான் அன்று மாலை வீட்டில் சோறு சாப்பிட்டிருப்பான். அவளுக்கும் இது தெரிந்தது. தெரிந்தும் நாக்கு வரவில்லை. இருபது வருடமாகப் பந்திக்குப் பந்தி எதை மறுத்துக்கொண்டு இருந்தாளோ, அதைச் சத்தியம் செய்துவிட்டு எப்படிச் சொல்வாள்?

"இல்லை" என்றாள்.

பின்னே நூறு என்பது என்ன என்று வேதாசலம் கேட்டார். கணக்குக்கு வசதியாக மனிதர்கள் வைத்துக்கொண்ட ஒரு முழு எண் என்றாள். கோவிலில் சாம்பிராணி போட்டால் புகை எந்தத் தூணோடு முடிகிறது என்று சொல்ல முடியுமா? காற்றும் அப்படித்தான், மெலிந்துகொண்டே போகும். அதன் கடைசி இழை நிலவையும் தாண்டிக் கிடக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள், தான் சொல்வதன் பொருள் தனக்கே உறைக்க, ஒரு கணம் நின்றாள். பிறகு உரக்கவே சொன்னாள்.

"அப்படிப் பார்த்தா, நிலாவுல இருக்கிறவங்க ஒருத்தர்கூட இன்னும் வளிமண்டலத்தை விட்டுப் போகல ஐயா. அவங்க யாரும் சாகல."

அறையில் ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. கூட்டத்தில் பாதிப்பேர் வீட்டிலிருந்து யாரோ ஒருவர் நிலவில் இருந்தார். பிரகாசி அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். நப்பின்னையும் அப்படித்தான் நினைத்தாள். சேஷகோபன் மட்டும் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை அடுத்த வாரம் வேதாசலம் வாசித்தார். பொறியாளரின் சாட்சியத்தைத் தீர்ப்பாயம் முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. வளிமண்டலத்துக்கு இயற்கையான எல்லை எதுவும் இல்லை. இயற்கை கோடு போடாத இடத்தில் சட்டம்தான் போட்டாக வேண்டும். உயரத்தில் போட்டால் மறுபடி ஒரு கலம் பாதியில் விழும், மறுபடி ஒரு குடும்பம் இதே போலத் தவிக்கும். எனவே, எவருக்கும் எந்த ஐயமும் வராத இடத்தில், ஏவுதளத்து ஏறுகூடத்தின் வாசலில், அந்தக் கோடு போடப்படுகிறது. ஏறுவதற்காக அதைக் கடந்தவர் வளிமண்டலத்தை விட்டு நீங்கியவர் ஆவார். சட்டம் வந்த நாளிலிருந்தே இது பொருந்தும், கயித்தானுக்கும் சேர்த்து. குடும்பத்தினர் கோடுவரை கூட வந்து வழியனுப்பலாம் என்று கருணையோடு ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

வெளியே நடையில் அவரை நப்பின்னை வழிமறித்தாள். நான் சொன்னது தப்பா என்று கேட்டாள்.

"நூத்துக்கு நூறு சரிம்மா. அதனாலதான் அப்படியே விட முடியல. இதுவரை மேல போன நாப்பதாயிரம் பேரை ஒரே நாள்ல உயிரோட எழுப்புற அதிகாரம் எனக்கு இல்ல" என்றார் வேதாசலம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கலங்கி என்ன பிரயோசனம்?

ஏறுகூட வாசலில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். காற்று முடியும் இடம் அதுதான். கழுத்தில் பணியாளர் அட்டை இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் நப்பின்னை அதை நாளுக்கு நாலு தடவை தாண்டினாள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கடற்காற்று, ஒரே கருவாட்டு வாடை.

கயித்தானைக் கூட்டி வந்த அன்று பிரகாசியும் கோடுவரை வந்தாள். அழவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். மேலே குளிரும், காதை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். அவன் கோட்டைத் தாண்டினான். சங்கெல்லாம் இப்போது கிடையாது. வாசலில் இருந்த கருவி ஒருமுறை கீச்சென்றது, அவ்வளவுதான் அவன் சாவு.

கருவி மறுபடியும் கீச்சென்றது. பிரகாசி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

காவலர் பதறிப்போய், அம்மா வெளியே வாங்க என்றார். அவள் அசையவில்லை.

"எங்க வர? உங்க சட்டப்படி நான் போயிட்டேம்லா. அவிய செத்தவியன்னா நானும் செத்தவதான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்துக்கிடுதோம்."

"ஏ பிரகாசி, என்ன காரியம் செஞ்சிட்ட" என்றான் கயித்தான்.

அதிகாரிகள் கூடினார்கள். ஏறுவதற்காகத் தாண்டினாயா என்று அவளைக் கேட்டார்கள். ஆமாம், ஏறத்தான் என்றாள். சேஷகோபனிடம் போனில் கேட்டார்கள். அவள் சொல்வது சரி, ஒருவரைத் திரும்ப விட்டால் தீர்ப்பே ஆட்டம் காணும் என்று அவர் சொல்லிவிட்டார். அவளை வெளியே விட வழி இல்லை. கலத்திலோ ஆறே இருக்கை, ஆறும் நிரம்பியிருந்தன. கயித்தானை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். நிலவுக்குப் போகும் அந்தக் கலம் கிளம்பியபோது ஏறுகூடத்தின் தரை அதிர்ந்தது. பிரகாசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கூடத்திலேயே கிடந்தாள். செத்தவளுக்குச் சாப்பாடு போட விதி இல்லை என்பதால் நப்பின்னைதான் தினமும் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரகாசி அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நிலவுக்குப் போகும் அடுத்த கலம் எப்போது, அதில் தனக்கு இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிறுவனம் கடைசியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கியது. செவ்வாய் முகாமின் சமையல்கூடத்தில் ஆள் குறைகிறதாம். நப்பின்னை மேலதிகாரிகளிடம் கெஞ்சிப் பார்த்தாள், நிலவுக்கே அனுப்பும்படி மன்றாடினாள். இறந்தவர்களுக்குள் கணவன் மனைவி என்று சட்டத்தில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அதைச் சொல்ல அவள் போனபோது பிரகாசி தலைமுடியைக் கோதி முடிந்துகொண்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்றதும் முகம் மலர்ந்தது. செவ்வாய் என்ற பேரைக் கேட்டுச் சற்று யோசித்தாள். அப்படி ஓர் இடம் இருப்பது அவளுக்குத் தெரியும், எங்கே என்று தெரியாது.

"நிலாவுக்குக் கிட்டயா அக்கா அது? அவிய இருக்க எடத்துல இருந்து பாத்தா தெரியுமா?"

நப்பின்னை தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். எத்தனை கோடிக் கிலோமீட்டர் என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்க்கும் காற்றின் இழை எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

"ஆமா பிரகாசி. கிட்டதான்" என்றாள்.